ஒரு மணி நேரத் தொலைவில் ராட்டினம்

பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் என்ற சிற்றூரை ஒட்டி, மரங்கள் நெருக்கமாக நிற்கும் பள்ளத்தாக்கில் கனோபல்ஸ் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். ஓடையைத் தாண்டினோம். பொரித்த உருளைக்கிழங்கின் வாசனை வந்தது, குடைராட்டினத்தின் இசை கேட்டது.

"டிக்கெட் எங்கடி வாங்கணும்?" என்று அம்மா தங்கையிடம் கேட்டார்.

"நாம உள்ளதாம்மா இருக்கோம்" என்றாள் அவள்.

1926-ல் தொடங்கிய பூங்கா அது. இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தவும் பணம் கிடையாது. உள்ளே டிக்கெட் புத்தகம் வாங்கிக்கொண்டு, ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் கிழித்துக் கொடுக்கலாம். ஏறாதவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. வேகமான எதிலும் ஏற மாட்டார். அமெரிக்காவின் மற்றப் பெரும்பாலான பெரிய பூங்காக்களில் அவரைப் போன்றவர்கள் வாசலில் டிக்கெட் வாங்கி, உள்ளே வந்து, மற்றவர்களின் பைகளையும் செருப்பையும் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மூத்தோருக்குச் சலுகை விலை இருக்கலாம். பெஞ்சில் உட்காருவதற்கு அதுவும் பணம்தானே. கனோபல்ஸில் அம்மா அந்த நாள் முழுவதும் மர நிழலில் இருந்தார், நாங்கள் கொண்டுபோன புளியோதரையை மேஜை போட்டுச் சாப்பிட்டோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியிலிருந்து உணவு கொண்டுவர அங்கே தடையில்லை.

அவர் ஏறியது ஒன்றே ஒன்றில்தான். 1913-ம் ஆண்டுக் குடைராட்டினம் அது. வெளிவரிசைக் குதிரையில் உட்காருபவர்கள், ராட்டினம் சுற்றும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கையிலிருந்து விரலால் வளையத்தைப் பிடுங்கி எடுக்க வேண்டும். எடுப்பவை எல்லாம் இரும்பு வளையங்கள். நடுவில் எப்போதாவது ஒரு பித்தளை வளையம் வரும். அதை எடுத்தவருக்கு இன்னொரு சுற்று இலவசம். தங்கை மகள் விரல் சிவக்கச் சிவக்க இரும்பாகவே எடுத்தாள். அம்மா குதிரையில் ஏறாமல் தேர் போன்ற இருக்கையில் அமர்ந்து, "எட்டிப் பிடிடா கண்ணு, விழுந்துடாத" என்று ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஒரு டிக்கெட்டுக்குப் பெற்ற மகிழ்ச்சியை வேறெந்தப் பூங்காவிலும் அவருக்காக நாங்கள் விலைக்கு வாங்கியதில்லை.

பீனிக்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டருக்கு இதைவிடச் சற்று அதிக டிக்கெட் கொடுக்க வேண்டும். அது 1947-ல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் கட்டப்பட்டு, வேறொரு பெயரில் ஓடியது. அந்தப் பூங்கா மூடப்பட்ட பிறகு பிரித்துக் கொண்டுவந்து, 1985 முதல் இங்கே ஓடுகிறது. மேட்டின் உச்சியில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் அந்த நொடிக்காகவே தூர தேசத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

டிக்கெட் முறைக்கு ஒரு கஷ்டமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். "அம்மா, இது போகலாமா?" என்று குழந்தை கேட்க, தாய் மிச்சமிருக்கும் தாளை எண்ணிப் பார்ப்பாள். பீனிக்ஸ் ஒருமுறையா, சின்ன ராட்டினம் இரண்டா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது தப்பாகப் படவில்லை, ஆனால் நாள் முழுவதும் பர்ஸைத் திறந்து மூடும் கைக்குச் சலிப்பு வரத்தான் செய்யும். குறிப்பிட்ட நாட்களில் நாள் முழுவதும் ஏற ஒரே கட்டணமும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் டிக்கெட்டே வாங்கினோம். மிஞ்சியவற்றைத் தங்கை பர்ஸில் வைத்துக்கொண்டாள். அவற்றுக்குக் காலாவதி கிடையாது. அடுத்த ஆண்டும் செல்லும்.

இது 2024 கோடை. தங்கை குடும்பம் இருப்பது ஒஹாயோவில், கிளீவ்லாந்துக்கு மேற்கே. அவர்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் சீடர் பாயின்ட் இருக்கிறது, அதற்கு அவர்களிடம் சீசன் பாஸ் இருக்கிறது. நுழைவுக் கட்டணமே இல்லாத பூங்காவையும், ஆண்டு முழுவதுக்கும் முன்பணம் கட்டிய பூங்காவையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பாஸ் மலிவு என்ற கேள்வியோடுதான் கிளம்பினேன்.

எலிஸ்பர்க்கிலிருந்து 80-ம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு பகல் பயணம். மலையும் காடும் மாறி மாறி வரும் சாலை. கிளியர்ஃபீல்டு மாவட்டத்தில், மிசிசிப்பிக்குக் கிழக்கே இந்தச் சாலை தொடும் மிக உயரமான இடம் இதுதான் என்று ஒரு பலகை நிற்கிறது. அதற்கு அப்பால் ஒஹாயோ எல்லையில் யங்ஸ்டவுன். இங்கே 1899-ல் ஐடோரா பார்க் திறக்கப்பட்டது. திறந்தது டிராம் கம்பெனி. அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் வேலை நாட்களில் டிராம் நிரம்பி வழியும், ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். பாதையின் கடைசி நிறுத்தத்தில் ஒரு பூங்கா வைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் வரும். நுழைவுக்குப் பணம் கேட்க அவசியமே இல்லை, டிராம் கட்டணமே வருமானம். பிட்ஸ்பர்க் பக்கத்துக் கென்னிவுட் 1898-ல் அப்படிப் பிறந்து இன்றும் ஓடுகிறது. ஐடோரா 1984-ல் தீவிபத்துக்குப் பிறகு மூடிவிட்டது. அதன் குடைராட்டினம் மட்டும் தப்பி, நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தருகே சுற்றுகிறது.

ராட்டினத்துக்கு ராட்டினம் பணம் வாங்குவதிலிருந்து வாசலிலேயே மொத்தமாக வாங்குவதற்கு மாற நெடுங்காலம் ஆயிற்று. 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டே எழுத்திட்ட கூப்பன் புத்தகம்தான் விற்றது. அந்தக் கூப்பன்கள் 1982 வரை இருந்தன. 1961-ல் டெக்சாஸில் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ், ஒரே கட்டணத்தில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று விற்றது. சீசன் பாஸ் அதன் அடுத்த படி: ஒரு நாளுக்கு மொத்தக் கட்டணம் என்பது போய், ஒரு கோடைக்கு மொத்தக் கட்டணம்.

தங்கை வீட்டில் மறுநாள் காலை, காபிக் கோப்பைகளுக்கு நடுவே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அந்த ஆண்டு சீடர் பாயின்டில் ஒரு நாள் டிக்கெட் வாசலில் வாங்கினால் 80 டாலருக்கு மேல். முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் 50 டாலருக்குச் சற்று மேல். பார்க்கிங் தனியாக 25, 30 டாலர். கோல்டு பாஸ், இலையுதிர்கால விற்பனையில் வாங்கினால் ஆளுக்கு 100 டாலரை ஒட்டி வந்தது, பார்க்கிங் அதிலேயே அடங்கியது. மூன்று பேர் குடும்பம் ஒருமுறை போய்வர டிக்கெட்டும் பார்க்கிங்குமாகக் கிட்டத்தட்ட 200 டாலர். மூன்று பாஸுக்கு 300. இரண்டாவது முறை போனால் பாஸ் லாபம். இவ்வளவுதான் எல்லோரும் போடும் கணக்கு.

நான் பெட்ரோலையும் சாப்பாட்டையும் எழுதச் சொன்னேன். பாஸ் வாங்கியவருக்கு நுழைவு இலவசமாகத் தோன்றுமே தவிர, போகும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் செலவாகிறது, உள்ளே அம்மாவையும் சேர்த்து நான்கு பேர் ஒருவேளை சாப்பிட்டால் 60, 70 டாலர் போய்விடும். அடிக்கடி போகப் போக ஒரு வருகையின் நுழைவுச் செலவு குறைகிறது, மொத்தச் செலவு ஏறுகிறது. பூங்காக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாஸ் மலிவாக இருப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஒரு பருவம் முழுவதுக்கும் சாப்பாட்டுத் திட்டம், குடிபானத் திட்டம் என்று தனியாக விற்கிறார்கள். சாப்பாட்டுத் திட்டத்தின் விலை அந்த ஆண்டு பாஸைவிட அதிகமாக இருந்தது. இறைச்சி சாப்பிடாத வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. பீட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் மிஞ்சும். (வினிகர் தெளித்துத் தரும் அந்த வறுவல் மட்டும் நன்றாக இருக்கும், அதைத் தனியாகவே வாங்கிக்கொள்ளலாம்.) தங்கை வீட்டு வழக்கம் வேறு. எலுமிச்சை சாதம் காரில் காத்திருக்கும். சாயங்காலம் வெளியே வந்து, பின்கதவைத் தூக்கிவைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போவார்கள்.

சீடர் பாயின்டுக்கு மாலை ஐந்து மணிக்குப் போனோம். நீண்ட கரைச்சாலை, இருபுறமும் தண்ணீர், எதிரே வானத்தில் கோடு போட்டது போல் கோஸ்டர்களின் வரிசை. 1870 முதல் மக்கள் குளிக்கவும் காற்று வாங்கவும் வந்த கரை இது. வாசலுக்கு மேலேயே கேட்கீப்பர் கோஸ்டர் இரண்டு கோபுரங்களின் துளை வழியே பாய்ந்து போகிறது. ஏரியிலிருந்து எழும் ஈசல் போன்ற பூச்சிகள் கோடையின் தொடக்கத்தில் விளக்குக் கம்பமெல்லாம் அப்பிக்கொள்ளும். செருப்படியில் நொறுங்கும். அவற்றில் சில அன்றும் மிச்சம் இருந்தன.

முதல் வேலை உயரம் அளப்பது. இந்தப் பூங்காவில் பாஸின் மதிப்பைத் தீர்மானிப்பது வயதைவிட உயரம். 48 அங்குலம் இருந்தால் 310 அடி உயர மில்லேனியம் ஃபோர்ஸ் கோஸ்டரில் ஏறலாம். 52 அங்குலம் தாண்டினால்தான் மேவரிக்கும் ஸ்டீல் வெஞ்சன்ஸும். ராப்டருக்கு 54. தங்கை மகள் போன ஆண்டு 52-க்கு ஒரு விரலிடை குறைவாக நின்றுவிட்டாள். இந்த முறை செருப்பைக் கழற்றச் சொன்னதும் முகம் வாடியது. முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே உருட்டிக் கோலைப் பார்த்தாள். ஊழியர் பெண் கோலின் குறுக்குக் கட்டையை இறக்க, அது உச்சந்தலை முடியைத் தொட்டு நின்றது. 52-க்கான பட்டையை மணிக்கட்டில் ஒட்டினார்கள். அதே விலைப் பாஸ், ஓராண்டில் அவளுக்கு வேறொரு பூங்காவைத் திறந்துவிட்டது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாஸை அந்த ஆண்டு இலவசமாகவே தந்தார்கள். குழந்தை தனியாக வராது என்பது அவர்களுக்குத் தெரியும். பெற்றோர் பாஸ் வாங்கும்போது, தன் குழந்தை இந்தக் கோடையில் எந்தக் கோட்டைத் தாண்டும் என்று சமையலறைச் சுவரில் அளந்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அவள் நேராக ஸ்டீல் வெஞ்சன்ஸுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். வரிசை ஒன்றரை மணி நேரம் என்று பலகை சொன்னது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம் பெரியம்மா" என்று திரும்பிவிட்டாள். 52 அங்குலத்துக்கு ஓராண்டு காத்திருந்த குழந்தை! 1964-ம் ஆண்டின் மர கோஸ்டரான புளூ ஸ்ட்ரீக்கில் கூட்டம் இல்லை. இரண்டு முறை அதில் ஏறினாள். பிறகு கடற்கரை போன்ற ஏரிக்கரை மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

முன்பு அந்தப் பலகையருகே எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தது. அப்பா கையில் வரைபடம், நெற்றியில் வியர்வை. ஒரு நாளில் எத்தனை கோஸ்டர் என்று திட்டமிட்டு வந்திருக்கிறார். சின்னவன் அழுகிறான், பெரியவன் இன்னொன்று என்கிறான், அம்மா காலை நீவிக்கொள்கிறாள். ஒரு நாள் டிக்கெட் எடுத்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. வரிசையைத் தாண்டிப் போக ஃபாஸ்ட் லேன் என்று ஒன்று விற்கிறார்கள். கூட்ட நாட்களில் அதன் விலை ஒருவரின் சீசன் பாஸையே தாண்டிவிடும். அந்த அப்பா அதன் விலையைக் கேட்டுவிட்டு மனைவி முகத்தைப் பார்த்தார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவர் குறை ஒன்றும் இல்லை. தூரம் அவரை அவசரப்படுத்துகிறது.

இங்கேதான் என் கேள்வி மாறியது. பாஸுக்குக் கொடுக்கும் பணம், போகும் தடவைகளால் வகுத்துப் பார்க்க வேண்டிய பணம் என்று நினைத்திருந்தேன். தங்கை மகள் வாங்கியிருந்தது அவசரமில்லாத ஒரு சாயங்காலத்தை. இரண்டு ராட்டினம் ஏறிவிட்டு வீட்டுக்குப் போக முடிவதுதான் அந்தப் பாஸ். ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும். ஆறு மணி நேரம் ஓட்டி வருபவர் பாஸ் வைத்திருந்தாலும், வந்த தூரத்துக்கு ஈடுகட்டக் காலை முதல் இரவு வரை ஓடத்தான் செய்வார்.

ஏழரை மணிக்கு ஏரிமேல் கறுத்து வந்தது. மின்னல் வெட்டியதும் கோஸ்டர்களை நிறுத்திவிட்டார்கள். கடைத் தாழ்வாரங்களில் பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு குடும்பங்கள் ஒண்டிக்கொண்டன. மழை பெய்ததற்காக டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது இந்தப் பூங்காக்களில் வழக்கமில்லை. நாங்கள் காருக்கு ஓடினோம், வீட்டுக்குப் போய்விட்டோம். மழைக்கு ஒரு நாள் டிக்கெட்காரர் முழுப் பணம் இழக்கிறார், கனோபல்ஸில் டிக்கெட்டை மடித்து வைத்துக்கொள்ளலாம், பாஸ்காரர் இன்னொரு நாள் வருவார். பூங்காவுக்கும் பாஸ் ஒரு மழைக்காப்பு. இலையுதிர்காலத்திலேயே பணம் வந்துவிடுகிறது, குளிர்காலம் முழுவதும் கையில் இருக்கிறது, கோடை நனைந்தாலும் கவலையில்லை. அதாவது பாஸ் வாங்குகிறவர் ஆறேழு மாதம் முன்னதாகவே கடன் கொடுக்கிறார். 2020-ல் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடிக்கிடந்தபோது, சீடர் பாயின்டை அப்போது நடத்திய கம்பெனி அந்த ஆண்டுப் பாஸ்களை 2021-க்கும் நீட்டித்தது. அது சரியான செயல்.

முன்பணத்தில் வேறு ஆபத்தும் இருக்கிறது. எதை நம்பி வாங்கினோமோ அது ஓடாமல் போகலாம். 420 அடி உயர டாப் திரில் 2 கோஸ்டர், 2024 மே மாதம் திறந்து சில நாட்களிலேயே நின்றுபோயிற்று. நாங்கள் போனபோது சும்மா நின்றது. அந்த ஒன்றுக்காகவே பாஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

தங்கையின் கணவர் இன்னொரு கதை சொன்னார். கிளீவ்லாந்துக்குத் தென்கிழக்கே ஆரோராவில் ஜியாகா லேக் என்ற பழம்பூங்கா இருந்தது. 1925-ல் கட்டிய பிக் டிப்பர் மர கோஸ்டர் அங்கேதான். 2004-ல் சீடர் பாயின்டின் அப்போதைய உரிமையாளர்களான சீடர் ஃபேர் அதைச் சிக்ஸ் ஃபிளாக்ஸிடமிருந்து வாங்கினார்கள். 2007 செப்டம்பரில் பருவம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, இனி ராட்டினங்கள் ஓடாது என்று அறிவித்தார்கள். கடைசியாகப் போன நாள் கடைசி நாள் என்று அங்கே பாஸ் வைத்திருந்த யாருக்கும் தெரியாது. அவர் கூட வேலை செய்பவர்கள் இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுகிறார்களாம். அந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது, ஒரே அறிவிப்பில் ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குப் போய்விட்டது.

நாங்கள் பயணம் போன அதே கோடையில், ஜூலை 1-ம் தேதிதான் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒன்றாக இணைந்தன. பெயர் சிக்ஸ் ஃபிளாக்ஸ். தண்ணீர்ப் பூங்காக்களையும் சேர்த்து அப்போது 42 பூங்காக்கள். பல பூங்காக்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் ஒஹாயோவுக்கும் போகிறவர் எத்தனை பேர்? சின்சினாட்டி பக்கத்துக் கிங்ஸ் ஐலண்டுக்கு ஒருமுறை போவதென்றால் அதற்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

விலையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைச் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2022-ல் மலிவுப் பாஸ்களைக் குறைத்து விலையைக் கூட்டினார்கள். பதின்வயதினரின் மலிவான பகல்நேரக் காப்பகமாகப் பூங்கா ஆகிவிட்டது என்ற பொருளில் அப்போதைய தலைமை நிர்வாகி செலிம் பசூல் பேசினார். 2021-ல் 2 கோடியே 77 லட்சமாக இருந்த வருகை, 2022-ல் 2 கோடியே 5 லட்சமாக இறங்கியது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் கோடையில் கூடிச் சிரிக்க ஓர் இடம் இருந்தது என்பதைக் குறையாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்டும் வயது வராத பிள்ளைக்குப் போக இடமே கிடையாது. அதே நேரம், கிங்ஸ் ஐலண்டில் 2023 முதல் 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் மாலை 4 மணிக்குப் பிறகு பெரியவர் துணையில்லாமல் இருக்கக் கூடாது. அடிதடிகளுக்குப் பிறகு வந்த விதி, காரணம் புரிகிறது. அந்த வயதுப் பிள்ளைக்குப் பாஸ் வாங்கும் பெற்றோர், பாஸோடு தங்கள் மாலைப் பொழுதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அம்மாவுக்குப் பாஸ் வாங்கலாமா என்பதில் தங்கைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. ஆறு மாத விசாவில் வந்திருப்பவருக்கு வீண் செலவு என்பது என் எண்ணம். அவர் இல்லாமல் போக மனம் வராது, ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுப்பதற்கு இது மேல் என்றாள் தங்கை. அவள்தான் சரி. ஏரிக்கரை மணலில் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்த பிறகு நான் மறுபேச்சு பேசவில்லை. ஆனாலும் அந்த மணலில் உட்கார அவரிடம் பணம் வாங்கக் கூடாது என்ற எண்ணமும் எனக்கு மாறவில்லை. கனோபல்ஸ் அந்த ஒரு விஷயத்தில் எல்லாப் பூங்காக்களையும்விட உயர்ந்தது.

ஊருக்குக் கிளம்பும் முன்தினம் தங்கைக்கு ஒரு போன் வந்தது. அவள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த, கோயம்புத்தூர்ப் பெண். கோடை முடியும்போது அடுத்த ஆண்டுப் பாஸ் விற்பனைக்கு வருமாமே, அதில் இந்த ஆண்டின் மிச்ச நாட்களும் சேருமாமே, எந்தப் பாஸ் வாங்கலாம் என்று கேட்டார்.

"வீடு எங்க பாத்துட்டிருக்கீங்க?" என்றாள் தங்கை.

அக்ரன் பக்கமா, லொரேன் பக்கமா என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

"லொரேன்னா கோல்டு வாங்குங்க, வாராவாரம் சாயங்காலம் போயிட்டு வரலாம். அக்ரன்னா ஒரு தடவை டிக்கெட்ல போய்ப் பாருங்க. திரும்பி வரும்போது பசங்க தூங்கிட்டாங்கன்னா, ஒண்ணரை மணி நேரம் நீங்கதான் ஓட்டணும். அப்புறம் முடிவு பண்ணுங்க. பார்க்கிங் சேர்ந்த பாஸான்னு மட்டும் பாத்து வாங்குங்க."